ஊதுபத்தி எந்தப் பக்கம் சாயுது?

மணி ஆறேமுக்கால். ஆரம்ப சுகாதார நிலையத்தின் இரும்பு கேட்டைச் சங்கிலி தளர்த்தி, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் இழுத்துப் பிடித்திருந்தார் ஆயாம்மா. "சீக்கிரம் வாங்க, நாய் உள்ள பூந்துரும்!" குனிந்து நுழைந்தேன். பின்னால் சங்கிலி மறுபடி விழுந்தது. ஆஹா, உள்ளே வந்தாச்சு!

ஓ.பி. சீட்டும் கையுமாக இந்த மாதிரிக் கட்டடங்களில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். கதவு திறப்பதற்கு முன்னால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்க வாய்த்தது இன்றைக்குத்தான். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். இங்கே வந்து போகிறவர்களை யாரும் விரல் நீட்டிப் பேசிவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. வட தமிழ்நாடு, கடலிலிருந்து 15 கிலோமீட்டர், ஏரிக்கரையை ஒட்டிய நிலையம், ஆனி மாதம். இவ்வளவு தெரிந்தால் போதும். வாங்க, செருப்பை அந்த ஓரமாக விட்டுவிட்டு என் கூடவே வாங்க.

நாம் பார்க்க வந்தது காற்றை. காசநோய்க் கிருமி தண்ணீரில் வராது, தொட்டால் ஒட்டாது. இருமும்போது வெளியே வந்து, மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். புதுமைப்பித்தனை 42 வயதில் நம்மிடமிருந்து கொண்டுபோன அதே கிருமிதான். ஊரில் இருமுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிற இடம் ஆஸ்பத்திரி. குணமாக்கும் இடமே கொடுத்தனுப்பும் இடமாகிவிடக் கூடாது என்று இந்திய அரசு 2010-ல் ஒரு வழிகாட்டி கொண்டுவந்தது. அதன் பிரதி ஒன்று டாக்டரம்மா மேசையில் இருக்கிறது. ஸ்பைரல் பைண்டிங், அட்டையில் வட்டமாக ஒரு டீ கறை, ஓரமெல்லாம் பால்பாயிண்ட் பேனா எழுத்து: "பெஞ்ச்?" "3-வது ஜன்னல் துரு." "இந்த ஃபேனை இங்க மாட்டினது யாரு?" புத்தகத்தைவிட இந்த ஓரத்து எழுத்துகள்தான் எனக்குப் பிடித்திருந்தன.

முதல் வேலை ஜன்னல். ஸ்டாஃப் நர்ஸ் ஒரு கையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி, இன்னொரு கையில் சுத்தியலோடு வந்தார். கீலில் நாலு சொட்டு, ஓரத்தில் ஒரு தட்டு, தோளால் ஒரு இடி. கிறீச்சென்று கத்திக்கொண்டு மரக்கதவு திறந்தது. வெளியிலிருந்து ஒரு புறா கோபமாகப் பறந்தது. மொத்தம் 22 ஜன்னல். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. மருந்தக ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது, சலைன் பாட்டில் டியூபை முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஊசி போடும் அறை ஜன்னலில் குளவி கூடு கட்டியதால் மூன்று நாள் வேலைநிறுத்தமே நடந்ததாம்.

"இந்த அறையில ஜன்னலே கிடையாதுன்னு நாங்க எல்லாரும் நம்பிக்கிட்டிருந்தோம்" என்று பழைய கட்டடத்தின் கோடி அறையைக் காட்டினார். பழைய பதிவேடுகள் அடைத்த ஒரு இரும்பு பீரோ வருஷக்கணக்காகச் சுவரோடு நின்றிருக்கிறது. ஆறு பேர் சேர்ந்து தள்ளியபோது பின்னால் ஆளுயர ஜன்னல்! கூடவே 2009-ஆம் வருஷக் காலண்டர், ஒரு ஸ்டெதாஸ்கோப், காய்ந்து சுருண்ட ஒரு வாழைப்பழத் தோல். ஸ்டெதாஸ்கோப்பைத் தொலைத்ததாகப் பழி சுமந்தவர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டாராம். அன்றைக்கே அவருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பழைய கட்டடம் இடிக்க எழுதிப்போட்ட கட்டடம். உயர்ந்த கூரை, அகல ஜன்னல், சுண்ணாம்பு உதிரும் சுவர். பக்கத்தில் டைல்ஸ் பளபளக்கும் புதுக் கட்டடம். இருமல் நோயாளிகளைப் பார்க்கும் அறையை டாக்டரம்மா பழையதுக்குத்தான் மாற்றியிருக்கிறார். ஏன் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "புதுசுல ஸ்லைடிங் ஜன்னல். என்னதான் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். பெரு நாட்டுல லிமாவில இதை அளந்தே பார்த்திருக்காங்க, 2007-ல வந்த ஆய்வு. ஜன்னல் பெருசா, கூரை உசரமா இருக்கற பழைய ஆஸ்பத்திரி அறையில மணிக்கு 40 தடவை காத்து மாறுது. புது மாதிரி அறையில 17. மோட்டார் வெச்சுக் காத்தை இழுக்கற அறைக்குச் சொல்ற கணக்கே 12 தான். நம்ம தாத்தா காலத்துக் கொத்தனார் ஜெயிச்சுட்டாரு பாருங்க!"

தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் இருக்கிறதே, அந்த சானடோரியத்தை 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கியபோது நோயாளிக்குக் கொடுக்க முடிந்ததில் பாதி காற்றும் வெளிச்சமும்தான். அன்றைக்கு அது நோயாளிக்கு மருந்து. இன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கவசம்.

ஏழே முக்கால். இப்போது வருவதுதான் எனக்குக் கிடைத்த பெரிய விருந்து. ஆயாம்மா இரண்டு ஊதுபத்தி ஏற்றினார். ஒன்று வரவேற்பறைப் பிள்ளையாருக்கு. மற்றொன்றை எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்கு நடந்தார். "சாமிக்கு ஒண்ணு, காத்துக்கு ஒண்ணு."

மேசைக்கு நடுவில் மார்பு உயரத்தில் பத்தியைப் பிடித்துக்கொண்டு அவர் அசையாமல் நின்றார். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், ஊதிக் கெடுத்துவிடக் கூடாதே! புகை இரண்டு விரல் நீளம் நேராக எழும்பியது. ஒரு கணம் தயங்கியது. பிறகு தலை சாய்த்து, மேற்கு ஜன்னலுக்கு முதுகு காட்டி, நூல் பிடித்த மாதிரி கிழக்கு ஜன்னலைப் பார்த்து ஓடியது. "மேல்காத்து" என்று தீர்ப்புச் சொன்னார் ஆயாம்மா. சந்தன வாசனை அறையைத் தாண்டி வேப்பமரத்துக்குப் போய்விட்டது.

நோயாளியின் ஸ்டூல் முன்பெல்லாம் மேற்கு ஜன்னலோரம் இருந்ததாம். அவர் இருமினால் அந்தக் காற்று அப்படியே டாக்டர் முகத்துக்கு. இப்போது மேசை இரண்டு ஜன்னலுக்கும் நடுவில், வடக்குச் சுவரோரம். ஸ்டூல் கிழக்குக் கோடியில். காற்று முதலில் டாக்டரைத் தொடும், அப்புறம் நோயாளியை, அப்புறம் வெளியே. இதற்காக டாக்டர் தெற்கு பார்த்து உட்கார வேண்டியதாயிற்று. மருந்தாளுநர் ஒரு வாரம் விடவில்லை. "தெற்கு எமன் திசை மேடம், ஆகாது." "அவர் வந்தா நேருக்கு நேர் பார்த்தே பேசிக்கறேன் சார்" என்று டாக்டரம்மா சொல்லி முடித்துவிட்டார்.

ஸ்டூலுக்கு அடியில் பாருங்கள். சாக்பீஸால் ஒரு வட்டம், அதற்குள் "கா" என்று எழுதியிருக்கிறது. மேசையின் மேற்குக் கோடியிலும் ஒரு வட்டம், அதில் "ம". என்னவென்று கேட்டேன். "மதியம் வரைக்கும் இருங்க, அப்பதான் வேடிக்கை" என்றார் டாக்டரம்மா. சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

ஒன்பது மணிக்குக் கேட் திறந்ததும் ஒரு திருவிழாக் கூட்டம்! சர்க்கரை மாத்திரைக்கு வந்தவர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கும் கர்ப்பிணிகள், நாய்க்கடி ஊசிக்கு அழுதுகொண்டே வரும் பையன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் தொற்றினால் அது நோயாக முற்றும் வாய்ப்பு அதிகம். அந்த வரிசையும் இருமல் வரிசையும் ஒரே தாழ்வாரத்தில் உரசிக்கொண்டு நிற்கக் கூடாது. வழிகாட்டியில் இது ஒரே வரி. நடைமுறையில் ஆறு மாதப் போராட்டம். வெளியே தகரக் கொட்டகை போட்டு, நாலு பக்கமும் திறந்துவிட்டு, பெஞ்சும் போட்டாச்சு. ஒரு ஈ காக்கை வரவில்லை. எல்லோரும் உள்ளே, ஃபேனுக்கு அடியில்.

"சொன்னா கேக்கல, கெஞ்சினா கேக்கல. ஒரு நாள் டிவியைத் தூக்கி வெளியில வெச்சேன். பானைத் தண்ணியையும் வெச்சேன். செல்லு சார்ஜ் போடற பிளக்கும் அங்கதான்னு சொன்னேன். சனம் மொத்தமும் பின்னாலேயே வந்துருச்சு!" ஆயாம்மா சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் கொட்டகையே அதிர்ந்தது. எந்த அரசாணையிலும் இல்லாத வரி இது. நான் போனபோது பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. மேல்காற்று எல்லோர் தலையையும் கலைத்துக்கொண்டிருந்தது.

கொட்டகை வாசலில் ஆயாம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி. அவர் யாரையும் பார்ப்பதில்லை, கேட்கிறார். எங்கோ மூன்றாவது பெஞ்சில் ஒரு இருமல். தலை திரும்பியது. எழுந்து போய், பெரியவர் பக்கத்தில் குந்தி, காதோரமாக, "நைனா, எத்தினி நாளா இருக்குது? ராத்திரில வேர்க்குதா? சோறு இறங்குதா?" என்றார். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் ஒரு முகக்கவசம், ஓரம் மடித்த ஒரு டோக்கன். அந்த டோக்கன் இருந்தால் வரிசையைத் தாண்டி நேராகப் பழைய கட்டடம். முதலில் சிவப்பு அட்டை கொடுத்துப் பார்த்தார்களாம். வாங்கியவர்கள் அதை இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். ஒரு பெண் அட்டையை அழுதுகொண்டே திருப்பிக் கொடுத்ததைப் பார்த்த நர்ஸ் அன்று மாலையே சிவப்பு அட்டைக் கட்டை அடுப்பில் போட்டுவிட்டார். மடித்த ஓரம் யார் கண்ணிலும் படாது.

முன்னால் போகலாம் என்று தெரிந்ததும் கல்லூரிப் பையன்கள் சிலருக்குத் திடீர் இருமல் வந்தது. அதற்கும் ஆயாம்மாவிடம் மருந்து இருக்கிறது. "சளி டப்பாவைக் கையில குடுத்து, அடி நெஞ்சிலேர்ந்து எடுத்துக் குடு ராசான்னு சொல்வேன். இருமல் பட்டுனு நின்னுடும்."

சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தை எனக்கு ஞாபகப்படுத்தினார் டாக்டரம்மா. நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு சானடோரியத்தில் வைத்து மருந்து, மறு பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து என்று அங்கே கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் வெளிவந்த முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது. வீட்டில் இருந்தவர்களும் அதே மாதிரி குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. "மருந்து சாப்பிடறவங்களைப் பார்த்து நான் பயப்படறதே இல்லை. வரிசையில உட்கார்ந்து, தனக்கு என்னன்னே தெரியாம இருமறாரே, அவர்தான் எனக்குக் கவலை. அவரை முதல்ல கண்டுபிடிக்கறது நான் இல்லை, ஆயாம்மா." கொட்டகையில் அந்த அம்மாள் கண்ணை மூடி, காதை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

பின்பக்கம் போவோம், மெதுவாக. புங்க மரத்தடியில் நீலத் தார்ப்பாய் கட்டிய மூன்று பக்கத் தடுப்பு, மேலே திறந்த வானம். சளி எடுக்கும் இடம். முன்பு கழிவறைக்குள் அனுப்பினார்களாம். மூடிய சின்ன அறை, அடுத்து நுழைபவருக்கு அதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. இங்கே வெயிலும் காற்றும் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. லேப் டெக்னீஷியன் தள்ளி, காற்று வரும் பக்கமாக நின்று, ஒரு தெருக்கூத்துக் கலைஞர் மாதிரி நடித்துக் காட்டினார். வாய் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, நிறுத்தி, விட்டு, மறுபடி இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு இருமல். பெரியவர் டப்பாவைப் பெருமையோடு நீட்டினார். "இது எச்சில் நைனா. எனக்கு சளி வேணும்." இன்னொரு முறை. இன்னொரு முறை. புங்க மரத்துக் கோழி ஒன்று தடுப்புக்குள் எட்டிப் பார்த்து, பெரியவரின் இருமலுக்கு மிரண்டு ஓடியது. மூன்றாவது தடவை கெட்டியாக வந்ததும் டெக்னீஷியன், "அடி சக்கை! நூத்துக்கு நூறு!" என்று கத்தினார். பெரியவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு சிரித்தார். மூடியைத் திருகி, பெயர் ஒட்டி, டப்பா லேபுக்குப் போனது.

பதினோரு மணிக்கு டீ. ஊழியர்கள் உட்காரும் அறையில் ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கு ஒரு காகிதப் பை, பையில் பெயர். உள்ளே என்95 முகக்கவசம். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். கழற்றியபோது நர்சின் கன்னத்தில் வார்ப்பட்டை பதிந்த கோடு, மூக்கோரம் வேர்வை, கொண்டையில் நசுங்கிய மல்லிகை. "காலையில வாங்கின பூ, இதுக்கு மேல மாட்டி மாட்டி உதிரிப்பூ ஆயிருச்சு." மருந்தாளுநருக்குத் தாடி. தாடியோடு என்95 முகத்தில் ஒட்டாது, ஓரத்தில் காற்று புகும். எடுக்கவும் மாட்டேன் என்கிறார், குழந்தைக்கான வேண்டுதல். தாடியை யாரும் தொடவில்லை. முடியிறக்கும் நாள் வரை அவரைப் பழைய கட்டடத்துப் பக்கம் அனுப்பாமல் வேலைப் பட்டியலை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் "தாடி" என்றே ஒரு குறிப்பு இருக்கிறது!

காற்றைப் பற்றிய கமிட்டியும் இந்த டீயோடுதான் கூடுகிறது. இன்றைய விவகாரம்: கம்ப்யூட்டர் அறை ஏ.சி. டேட்டா என்ட்ரி தம்பி கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறான், சீட்டு கேட்டு நோயாளிகளும் உள்ளேயே நிற்கிறார்கள். "மெஷின் சூடாகுது அக்கா." "நீ இருமினா யாரு பார்க்கறது?" கால் மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு சுவரில் ஒரு சின்னத் திட்டி ஜன்னல் உடைப்பது என்று முடிவானது. தம்பி உள்ளே, ஜனம் வெளியே, சீட்டு மட்டும் ஓட்டை வழியாக. யார் உடைப்பது? எல்லோரும் சுத்தியல் வைத்திருக்கும் நர்ஸைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் முதல்ல முகக்கவசம் வாங்கணும்னுதான் சொல்வாங்க" என்றார் டாக்டரம்மா. "புத்தகத்துல அது மூணாவது. முதல்ல ஆளைக் கண்டுபிடிச்சுப் பிரிக்கணும், அப்புறம் காத்து, கடைசியிலதான் மாஸ்க். வாங்கறது சுலபங்க. பெஞ்சை நகர்த்தறதுதான் கஷ்டம்."

நர்சோடு நடந்துகொண்டிருந்தபோது ஒன்று கவனித்தேன். பேசிக்கொண்டே போகிற வழியில் யாரோ சாத்திவிட்ட ஜன்னலைத் தள்ளித் திறக்கிறார், பேச்சு நிற்பதே இல்லை. பழக்கமா என்று கேட்டேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். 24 வயதில், வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது, அவருக்கே டிபி வந்திருக்கிறது. ஆறு மாதம் மாத்திரை, கல்யாணப் பேச்சு ஒன்று நின்றுபோனது, முடி கொட்டியது. "எந்த ரூம்ல வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. அதனாலதான் எல்லா ரூமையும் திறக்கறேன்." சொல்லிவிட்டுத் திரும்பி, தாழ்வாரத்துக் கடைசி ஜன்னலுக்கு எண்ணெய் விட்டார். நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் இதெல்லாம் எப்படி என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஐப்பசியில் சாரல் நேராக ஊசி அறைக்குள் வருமாம். ஜன்னலுக்கு மேல் சாய்வாகத் தகரம் அடித்திருக்கிறார்கள், பாதிதான் பலன். மார்கழிக் குளிரில் தாத்தாக்கள் திட்டிக்கொண்டே ஜன்னலைச் சாத்துவதும், ஆயாம்மா பின்னாலேயே போய்த் திறப்பதும் நாள் முழுக்க நடக்குமாம். "வாடை வேற, கொசு வேற. வலை அடிச்சுக் குடுங்கன்னு எழுதிப் போட்டிருக்கோம்."

ஒன்றரை மணி. கூட்டம் வடிந்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த ஆயாம்மா மறுபடி ஒரு ஊதுபத்தி ஏற்றினார். டாக்டர் அறையில் அதே இடம், அதே உயரம். புகை நேராக எழுந்தது. நின்றது. கிழக்கே கொஞ்சம் போவது போல் போய், குழம்பி, சுருண்டு, தனக்குள்ளேயே வளையம் போட்டது. வெளியே வேப்ப இலை அசையவில்லை. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறகு கிழக்கு ஜன்னல் திரை மெல்ல உள்ளே உப்பியது. புகை சட்டென்று திரும்பி, டாக்டர் தோளைத் தாண்டி, மேற்கே சாய்ந்து ஓடியது.

"கடக்காத்து வந்துருச்சு!" நாங்கள் நாலு பேரும் ஒன்றாகக் கத்திவிட்டோம்.

ஆயாம்மா பத்தியை ஜன்னல் சட்டத்தில் செருகிவிட்டு, ஸ்டூலை "கா" வட்டத்திலிருந்து தூக்கி, மேசையைச் சுற்றிக்கொண்டு போய் "ம" வட்டத்தில் வைத்தார். ஒரு கால் கோட்டுக்கு வெளியே இருந்தது. குனிந்து சரி செய்தார். அப்புறம் வாசலுக்குப் போய், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.